எங்கள் நாய் கும்பிட்ட சனிக்கிழமை

நாய்க்குச் சீஸ் கொடுக்கலாமா என்று யாராவது கேட்டால் நான் இன்னமும் அப்படியே நின்றுவிடுகிறேன். கீழ்த்தளத்தில் நாயோடு நடக்கிறவர்கள் பேச்சுவாக்கில்தான் கேட்பார்கள். நான் ஆரம்பித்தால் லேசில் விடமாட்டேன் என்று தெரிந்துகொண்ட பிறகு எங்கள் அடுக்குமாடி புளோக்கில் இப்போது யாரும் கேட்பதில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

சிங்கப்பூரில், பாசிர் ரிஸ் வட்டாரத்து வீவக அடுக்குமாடி வீட்டில் நாங்கள் மூன்று பேர். நான், கணவர், வேலைக்குப் போகும் மகள். மகள் பல்கலைக்கழகத்தில் படித்தபோது அடம்பிடித்து வாங்கி வந்த குட்டை நாயையும் சேர்த்தால் நான்கு. வாங்கியவள் அவள், குளிப்பாட்டி முடி வெட்டுவது நான், "இதெல்லாம் நம்ம வீட்டுக்குச் சரிப்பட்டு வராது" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவர் என் கணவர். அந்த நாய் யார் காலடியில் போய்ப் படுத்துக்கொண்டது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. நாய்களுக்கு அப்படி ஒரு புத்தி.

என் கணவருக்கு ஒரே தம்பி. இருவரும் சாங்கியில் விமானச் சரக்குப் பிரிவில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். ஒரே ஷிப்ட், ஒரே பஸ், ஒரே காப்பிக்கடையில் ஒரே மேசை. தம்பிக்குத் திருமணம் ஆகவில்லை. பிடோக்கில் தனியாக இருந்தார். போன வருடம் ஒருநாள் அவர் வேலைக்கு வரவில்லை. என் கணவர் போய்க் கதவைத் திறந்து பார்த்தபோது, அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போயிருந்தார். மாரடைப்பு.

அதற்குப் பிறகு என் கணவர் வேலையை விட்டுவிட்டார். பேச்சையும் விட்டுவிட்டார். சாப்பாடு போடவா என்றால் "ம்", டாக்டரிடம் போகலாமா என்றால் "வேணாம்", அதோடு சரி. நானும் திட்டிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், பேசாமலும் இருந்து பார்த்தேன். சுவரோடு குடித்தனம் நடத்துவதுபோல இருந்தது.

ஆனால் நாயிடம் பேசினார். சாயங்காலம் வாசலுக்கு வெளியே தாழ்வாரத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு அதை மடியில் வைத்துக்கொள்வார். சமையலறை ஜன்னல் அந்தப் பக்கம்தான். "என்னடா, இன்னிக்கு மழை வரும்போல இருக்குல்ல? மழைன்னா சித்தப்பாவுக்கு ரொம்பப் பிடிக்கும்டா. நனைஞ்சுக்கிட்டே வந்து நிப்பான்." நான் குழாயை மூடிவிட்டுக் கேட்டுக்கொண்டு நிற்பேன். முப்பது வருடம் குடும்பம் நடத்தியவளுக்கு ஒரு நாயின்மேல் பொறாமை வந்தது என்றால் சிரிப்பீர்கள். வந்தது. அதே சமயம், அந்த நாயாவது அவர் குரலைக் கேட்கிறதே என்று நிம்மதியாகவும் இருந்தது. அதற்கு ஏதாவது ஆகிவிட்டால் இந்த மனுஷன் ஒரேயடியாக ஊமையாகிவிடுவார் என்ற பயமும் இருந்தது. அந்தப் பயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை.

புரட்டாசி வந்தது. தம்பி ஒவ்வொரு வருடமும் மாதம் முழுக்க விரதம் இருப்பார். என் கணவர் வேண்டுமென்றே அவர் எதிரில் உட்கார்ந்து கோழிச் சோற்றைச் சப்புக்கொட்டித் தின்று வெறுப்பேற்றுவார். அப்படிப்பட்டவர் மாதம் பிறப்பதற்கு முன்பு சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"இந்த வருஷம் நான் இருக்கப் போறேன். அவன் விட்ட இடத்துல இருந்து நான் பிடிச்சுக்கிறேன். வீட்டுல கவுச்சி ஒண்ணும் இருக்கக் கூடாது."

பல மாதங்களில் என்னிடம் அவர் பேசிய மிக நீண்ட பேச்சு அது. அந்த நேரத்தில் அவர் வீட்டையே எரிக்கலாம் என்று சொல்லியிருந்தாலும் தீப்பெட்டியைத் தேடியிருப்பேன். குளிர்பெட்டியைக் கழுவினேன். முட்டை, பிளாச்சான் என்கிற இறால் விழுது, ஐக்கான் பிலிஸ் என்கிற நெத்திலிக் கருவாடு எல்லாவற்றையும் கட்டிக் கொடுத்துவிட்டேன். அப்போதுதான் நாயின் தீவனப் பை கண்ணில் பட்டது. கோழி, மீன் என்று படமே போட்டிருந்தது. அதையும் ஏழாம் மாடியில் நாய் வைத்திருக்கும் சீனக் குடும்பத்துக்குத் தள்ளிவிட்டேன். மாதம் முழுக்க நாமெல்லாம் சைவமாக இருக்கும்போது அது மட்டும் என்ன தனி?

தயிர்ச்சோறு வைத்தேன். முகர்ந்துவிட்டுப் போய்விட்டது. பூசணிக்காய் வேகவைத்துப் பிசைந்தேன். தட்டைக் காலால் தள்ளியது. லிட்டில் இந்தியாவில் இருந்து பன்னீர் வாங்கி வந்தேன்; வாயில் போட்டு, யோசித்து, என் கால்மேலேயே துப்பியது. மகள்தான் கைப்பேசியில் தேடிப் படித்துவிட்டுச் சொன்னாள்.

"அம்மா, சாஃப்ட் சீஸ் கொஞ்சமா குடுக்கலாமாம். பிளெய்னா இருக்கணும், லோ ஃபேட்டா இருக்கணும். ஒரு டீஸ்பூன் போதும், ஓகேவா? ஜாஸ்தி வேணாம் லா."

பேரங்காடிக்கு நானே போனேன். பிளெய்ன் சீஸ் டப்பாவை எடுத்துப் பின்னால் எழுதியிருப்பதைப் படித்தேன். நாங்கள் படிப்பது வேறு மாதிரி. ஜெலட்டின் இருக்கிறதா, முட்டை இருக்கிறதா, அதுதான் எங்களுக்குக் கணக்கு. ரென்னெட் என்று ஒரு வார்த்தை இருந்தது. புரியாமல் மகளைக் கூப்பிட்டேன்.

"அது கன்னுக்குட்டி வயித்துல இருந்து எடுப்பாங்கம்மா. பாலைத் திரிய வைக்கிறதுக்கு."

டப்பாவைத் தொப்பென்று அலமாரியில் போட்டுவிட்டேன். பால் என்று நம்பி இத்தனை நாள் கன்றுக்குட்டியின் வயிற்றையா தின்றோம்? பக்கத்திலேயே இன்னொரு டப்பா இருந்தது. சைவ முத்திரை, ரென்னெட் இல்லை, முட்டை இல்லை. பூண்டும் மூலிகையும் சேர்த்தது என்று எழுதியிருந்தது. பூண்டு என்றதும் எனக்கு இன்னும் திருப்தி. வயிற்றுக்கு நல்லதாயிற்றே. நாலு டப்பா வாங்கினேன்.

நாய் அதை நக்கிய நக்கலைப் பார்க்க வேண்டுமே. தட்டு தேய்ந்துவிடும்போல இருந்தது. எங்கள் வீட்டில் அன்றைக்குத்தான் எல்லோரும் சிரித்தோம். என் கணவரின் உதடும் கொஞ்சம் விரிந்தது.

அடுத்த நாட்களில் டப்பா சீக்கிரம் சீக்கிரமாகக் காலியானது. மகள் ரொட்டியில் தடவிச் சாப்பிடுகிறாள் என்று நான் நினைத்தேன். அப்பா சாப்பிடுகிறார் என்று அவள் நினைத்தாள். யாரும் கேட்கவில்லை. தீர்ந்தால் நான் போய் மறுபடி வாங்கி வந்தேன்.

இரண்டாவது சனிக்கிழமை காலையில் பூஜை. வாழையிலையில் படையல் போட்டு, துளசி வைத்து, மாவிளக்கு ஏற்றினேன். தம்பியின் படம் கீழே ஒரு மணையில் இருந்தது. என் கணவர் மணி அடித்தார். அப்போது நாய் மெல்ல நடந்து வந்து பெருமாள் படத்துக்கு நேரே நின்றது. முன்னங்கால் இரண்டையும் நீட்டியது. தலையைத் தரையோடு வைத்தது. பின்பக்கம் உயர்ந்தபடியே இருந்தது. அப்படியே அசையாமல் இருந்தது.

"அம்மா! கும்பிடுதும்மா!" என்றாள் மகள்.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. என் கணவரின் கையில் இருந்த மணி ஒரு கணம் நின்று மறுபடி வேகமாக ஒலித்தது. நாய் எழுந்து, இரண்டு அடி நகர்ந்து, மறுபடியும் அதே மாதிரி விழுந்து கும்பிட்டது. மகள் "கும்பிடுதும்மா" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே வீடியோ எடுத்தாள். என் கணவர் தம்பி படத்தைப் பார்த்து, "பாத்தியாடா? உனக்காக இவனும் விரதம் இருக்கான்டா" என்று சத்தமாகச் சொன்னார். கண்ணில் தண்ணீர். நான் கற்பூரத்தை நாயின் பக்கமாகவும் காட்டினேன். இதைவிட என்ன வேண்டும்? பெருமாளே கண் திறந்துவிட்டார் என்று நினைத்தேன்.

வீடியோவைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டோம். சிங்கப்பூர், ஜொகூர், ஊர் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் கைகூப்பிய பொம்மைகளாக வந்து குவிந்தன. போன ஜென்மத்தில் பெரிய பக்தனாக இருந்திருக்க வேண்டும் என்று ஒரு அத்தை எழுதினார். மத்தியானம்வரை எனக்கு அதற்குப் பதில் போடுவதுதான் வேலை.

மத்தியானம் அது வாந்தி எடுத்தது. சர்க்கரைப் பொங்கலை யாரோ கீழே சிந்தியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். மறுபடி எடுத்தது. பிறகு நுரை மட்டும் வந்தது. முதுகை வளைத்துக்கொண்டு மூலையில் நின்றது. தூக்கப் போன என் கணவரைப் பார்த்து, வாழ்க்கையில் முதல் முறையாக உறுமியது. அவர் அடிபட்டவர்போலக் கையை இழுத்துக்கொண்டார். மகள் உதட்டைத் தூக்கிப் பார்த்தாள். ஈறு வெளுத்துப்போய் இருந்தது.

நாயோடு ஏற்றிக்கொள்ள டாக்சி கிடைக்கவில்லை. ஒன்று வந்தது, கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. நாங்கள் மூன்று பேரும் கீழே துண்டில் சுற்றிய நாயோடு நின்றபோது பக்கத்து வீட்டு பாய் வேனை நிறுத்திக்கொண்டிருந்தார். லிட்டில் இந்தியாவில் துணிக்கடை வைத்திருப்பவர். எங்கள் நாய் மின்தூக்கியில் இருந்தால், மேலே பட்டால் தொழுகைக்கு ஆகாது என்று சிரித்துக்கொண்டே அடுத்ததற்குக் காத்திருப்பார். நாங்களும் அதைத் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை. எங்களைப் பார்த்ததும் பின்கதவைத் திறந்துவிட்டார்.

"ஏறுங்கம்மா."

"பாய், நாய்..."

"தெரியுது லா. நான் அப்புறம் கழுவிக்கிறேன். முதல்ல ஏறுங்க."

துணி மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து போனோம். என் கணவர் நாயிடம் வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தார். என்ன பேசினார் என்று சொல்ல முடியவில்லை, வார்த்தைகளாக இல்லை.

மருத்துவர் சின்ன வயதுப் பெண், சீனர். நாயின் வயிற்றை மெதுவாக அழுத்திவிட்டு என்ன சாப்பிட்டது என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் முந்திக்கொண்டு, கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன், சுத்த சைவம், வீட்டுச் சாப்பாடு, கெட்டது எதுவும் இல்லை என்று. வேறு ஏதாவது வித்தியாசமாகத் தெரிந்ததா என்று கேட்டார். மகள் கைப்பேசியை நீட்டினாள். "காலையில் இதைச் செய்தது. அவ்வளவுதான்."

மருத்துவர் அந்த வீடியோவைப் பார்த்தார். மணிச்சத்தம் அந்த அறையில் கேட்டது. "கும்பிடுதும்மா" என்ற மகளின் குரல் கேட்டது. மருத்துவர் முகம் மாறியது. மறுபடியும் போட்டுப் பார்த்தார். பிறகு மிகவும் மெதுவாகச் சொன்னார். வயிறு தாங்க முடியாமல் வலிக்கும்போது நாய்கள் இப்படித்தான் நிற்குமாம். முன்பக்கம் தாழ்ந்து பின்பக்கம் உயர்ந்தால் வலி கொஞ்சம் குறையுமாம்.

அது கும்பிடவில்லை. வலியில் துடித்திருக்கிறது. நாங்கள் சுற்றி நின்று மணி அடித்திருக்கிறோம். நான் கற்பூரம் காட்டியிருக்கிறேன். உலகம் முழுக்கப் படம் எடுத்து அனுப்பி, கைகூப்பிய பொம்மைகளை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன்.

சீஸும் கொடுத்தோம் என்று மகள் சொன்னதும், அந்த டப்பாவின் படத்தைக் கைப்பேசியில் தேடிக் காட்டச் சொல்லிப் பார்த்தார். எவ்வளவு கொடுத்தீர்கள் என்றார்.

"ஒரு டீஸ்பூன், காலையில சோத்துல" என்றேன். பிறகு, "சாயங்காலமும் ஒண்ணு. பாவமா பாத்துச்சு."

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நான் வேலை விட்டு வந்ததும் டப்பா மூடியை நக்கக் குடுப்பேன். மூடின்னா... கொஞ்சம் உள்ளேயும்."

இருவரும் என் கணவரைப் பார்த்தோம். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நாங்க வெளியில உக்காந்திருக்கும்போது குடுப்பேன். பிஸ்கட்டுல வச்சு. அவன் கேக்கும்போதெல்லாம்."

மருத்துவர் எங்களைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். கொழுப்புக் குறைந்த வெறும் சீஸ், விரல் நுனியளவு, எப்போதாவது என்றால் பெரும்பாலான நாய்களுக்குப் பிரச்சினை இல்லை என்றார். பால் ஒத்துக்கொள்ளாத நாய்க்கு அதுவும் கூடாது. இந்தச் சீஸில் கொழுப்பு அதிகம். இவ்வளவு சின்ன உடம்பில் கணையம் வீங்கிவிட்டது. அதோடு பூண்டு. பூண்டும் வெங்காயமும் நாயின் இரத்தத்தில் இருக்கும் சிவப்பணுக்களை உடைத்துவிடும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போனால் சேர்ந்துவிடும். ஈறு வெளுத்ததற்கு அதுதான் காரணமாக இருக்கலாம்.

"பூண்டா?" என்று கத்திவிட்டேன். வெளியில் காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டு, சளிக்குப் பூண்டு, வாயுவுக்குப் பூண்டு என்று வளர்ந்தவள் நான். டப்பாவில் அந்த வார்த்தையை வாசித்துச் சந்தோஷப்பட்டவள். கன்றுக்குட்டியின் வயிற்றுக்குப் பயந்து நல்லதைத் திருப்பி வைத்துவிட்டு, விஷத்தைத் தேடி எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

நாயை அங்கேயே வைத்துக்கொண்டார்கள். காலில் சொட்டு மருந்து ஏற்றினார்கள். வீட்டுக்கு வந்தால், பூஜையறையில் மாவிளக்கு அணைந்து கருகிக் கிடந்தது. என் கணவர் தாழ்வாரத்தில் ஸ்டூலைப் போடவில்லை. படுக்கையறைக்குப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். "ம்" கூட இல்லை இப்போது. நான் பயந்தது அப்படியே நடந்தது. மருத்துவமனைக்குப் போகும்போது மட்டும் எழுந்து சட்டை போட்டுக்கொள்வார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் படுத்திருக்கும் நாயைப் பார்ப்பார். திரும்பி வந்து படுப்பார்.

வாந்தி நின்றது. இரத்தம் தேறத் தொடங்கியது. ஆனால் அது எதையும் சாப்பிடவில்லை. அங்கே வைத்த தனித் தீவனத்தை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் பாருங்கள், பழகிய இடத்தில் ஒருவேளை சாப்பிடும் என்றார் மருத்துவர். தானாகச் சாப்பிட ஆரம்பித்தால் பிழைத்துக்கொள்ளும், இல்லையென்றால் கஷ்டம் என்றும் சொன்னார். தோல் நீக்கிய கோழி நெஞ்சுக்கறியை உப்பில்லாமல் வேகவைத்துக் குழைந்த சோற்றோடு கொஞ்சமாகக் கொடுக்கச் சொன்னார்.

கோழி. புரட்டாசி இன்னும் முடியவில்லை. நான் என் கணவர் முகத்தைப் பார்க்கவில்லை. வேனை ஓட்டிவந்த பாயிடம் சொல்லி அவர் வீட்டில் வேகவைத்து வாங்கிக்கொள்ளலாம், வாசலில் வைத்துக் கொடுத்துவிடலாம் என்று மனதுக்குள் திட்டம் போட்டுக்கொண்டே வந்தேன். விரதமும் கெடாது, நாயும் பிழைக்கும்.

வீட்டுக்கு வந்து நாயை அதன் பாயில் படுக்கவைத்துவிட்டு நிமிர்ந்தால் அவரைக் காணவில்லை. கொஞ்ச நேரத்தில் கறியும் மீனும் விற்கும் ஈரச்சந்தையில் இருந்து சிவப்புப் பிளாஸ்டிக் பையோடு வந்தார். நேராக என் சமையலறைக்குள் நுழைந்தார். முப்பது வருடத்தில் அடுப்பை எப்படிப் பற்றவைப்பது என்று தெரியாத மனுஷன். கோழியைக் கழுவினார். வேகவைத்தார். வீடு முழுக்க வாடை பரவியது. பூஜையறைக் கதவு திறந்தே இருந்தது. நான் ஓடிப்போய்ச் சாத்தப் போனேன்.

"சாத்தாத. இருக்கட்டும்" என்றார்.

கறியை நூல் நூலாகப் பிய்த்துச் சோற்றோடு பிசைந்து, சமையலறைத் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். நாயை மடியில் எடுத்துக்கொண்டு ஒரு துணுக்கை மூக்கருகே நீட்டினார். அது முகத்தைத் திருப்பிக்கொண்டது. இன்னொரு முறை நீட்டினார். திருப்பிக்கொண்டது. எங்கள் வீட்டுத் தட்டையே அது இனிமேல் நம்பாது என்று எனக்குத் தோன்றியது.

என் கணவர் அந்தத் துணுக்கைத் தன் வாயில் போட்டுக்கொண்டார்.

நான் அலறிவிட்டேன் என்று நினைக்கிறேன். அவர் நாயின் கண்ணைப் பார்த்தபடியே மென்றார். விழுங்கினார். "பாரு, அப்பா சாப்பிடுறேன்ல? ஒண்ணும் செய்யாதுடா. நல்லா இருக்கு, சாப்பிடு." இன்னொரு துணுக்கை எடுத்துப் பாதியைத் தின்றுவிட்டு மீதியை நீட்டினார். நாய் அவர் வாயை முகர்ந்தது. விரலை முகர்ந்தது. பிறகு அந்தத் துணுக்கை வாங்கிக்கொண்டது.

"விரதம் போச்சே..." என்றேன். வேறென்ன சொல்வதென்று தெரியவில்லை.

"தம்பி ஒண்ணும் சொல்லமாட்டான்." அடுத்த துணுக்கை எடுத்துக்கொண்டே சொன்னார். "இவனும் போயிட்டா நான் யாருகிட்ட பேசுறது?"

எனக்குச் சுருக்கென்று கோபம்தான் முதலில் வந்தது. "ஏன், நான் இல்லையா? இந்த வீட்டுல நான் ஒருத்தி நிக்கிறது கண்ணுக்குத் தெரியலையா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். கோழியும் சோறும் ஒட்டிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் காற்றில் வைத்திருந்தார்.

"உன்கிட்ட பேச ஆரம்பிச்சா அழுதுடுவேன்."

நான் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து தட்டை வாங்கிக்கொண்டேன்.

"அழுங்க" என்றேன். "நான் ஊட்டுறேன்."